நம்ம காசு, நம்ம ஊர் பம்ப்

செமஸ்டர் பரீட்சை, செமினார், அத்தை மகள் கல்யாணம் என்று ஒரு மாதமாக இந்தப் பக்கமே வர முடியவில்லை. சினிமாவும் சாப்பாடும் எழுதிக்கொண்டிருந்தவள் திடீரென்று அரசாங்க டெண்டர் பற்றி ஆரம்பித்தால் பாதிப் பேர் ஓடிவிடுவீர்கள் என்று தெரியும். ஓடாதீர்கள். இதில் பம்ப் வருகிறது, மண்ணைத் தோண்டி எடுத்த குழாய் வருகிறது, எங்கள் அப்பாவும் வருகிறார்.

எல்லாம் செமினாரில் ஆரம்பித்தது. பி.காம் மூன்றாம் ஆண்டில் எங்களுக்குப் பன்னாட்டு வணிகம் என்று ஒரு பேப்பர் உண்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆளுக்கொரு தலைப்பு. பக்கத்து பெஞ்ச்காரிக்குத் தேயிலை ஏற்றுமதி வந்தது. எனக்கு வந்தது 'அரசுக் கொள்முதலில் உள்நாட்டுப் பொருளுக்கு முன்னுரிமை'. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மேடம், "2009இல் அமெரிக்காவும் கனடாவும் அடித்துக்கொண்ட கதையைப் படி, தூக்கம் வராது" என்றார்கள். நிஜமாகவே இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. காரணம் மட்டும் வேறு. சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பாடம். எந்த நாட்டிலும் அரசாங்கம்தான் பெரிய வாடிக்கையாளர். ரோட்டுக்கு ஜல்லி, பாலத்துக்குக் கம்பி, குடிநீர்த் திட்டத்துக்குக் குழாய், ஆஸ்பத்திரிக்கு ஊசி என்று எல்லாம் வாங்குகிறது. சாதாரண வியாபாரத்தில் வெளிநாட்டுச் சரக்குக்குப் பாரபட்சம் காட்டினால் உலக வர்த்தக அமைப்பு கேள்வி கேட்கும். அரசாங்கம் தன் உபயோகத்துக்கு வாங்கும்போது அந்தப் பொது விதி பொருந்தாது. அதற்கென்று அரசுக் கொள்முதல் ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று உண்டு. 1994இல் கையெழுத்தாகி 1996இல் நடப்புக்கு வந்தது. விருப்பமுள்ள நாடு சேரலாம். சேர்ந்தாலும், 'என் பக்கம் இந்தெந்த அலுவலகங்கள்தான் இதற்குள் வரும்' என்று பட்டியல் போட்டுக் கொடுக்கலாம். (இந்தியா உறுப்பினர் இல்லை. 2010 முதல் பார்வையாளராக ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.) அமெரிக்கா தன் 50 மாநிலங்களில் 37ஐப் பட்டியலில் சேர்த்தது. கனடா தன் மாகாணங்களைச் சேர்க்கவே இல்லை. 'நீ தராததை நான் மட்டும் ஏன் தர வேண்டும்' என்று அமெரிக்காவும் அந்த மாநிலங்களைக் கனடாவுக்குத் திறக்கவில்லை. பதினைந்து வருஷம் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அண்டை நாடு, ஒரே மாதிரி இங்கிலீஷ், காலையில் எல்லை தாண்டிப் போய் சாயந்திரம் வீடு திரும்புகிற ஆட்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்தது.

2008இல் பொருளாதாரம் சரிந்தது. 2009 பிப்ரவரி 17ஆம் தேதி ஒபாமா டென்வர் நகரத்தில் வைத்து 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தில் 1605 என்று ஒரு பிரிவு. இந்தப் பணத்தில் கட்டுகிற பொதுக் கட்டடம், பொதுப் பணி எதுவானாலும் அதில் போடுகிற இரும்பு, எஃகு, தயாரிப்புப் பொருள்கள் அமெரிக்காவில் செய்ததாக இருக்க வேண்டும். உள்ளூரில் கிடைக்காவிட்டாலோ, உள்ளூர்ச் சரக்கால் மொத்தத் திட்டச் செலவு 25 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, பொதுநலனுக்கு ஒத்துவராவிட்டாலோ விலக்கு உண்டு.

இது அமெரிக்காவுக்குப் புதுசும் கிடையாது. 1933 மார்ச்சில், பதவியை விட்டு இறங்குவதற்கு முந்தின நாள் ஹூவர் கையெழுத்துப் போட்ட 'அமெரிக்கப் பொருளை வாங்கு' சட்டம் இன்று வரை இருக்கிறது. அது மத்திய அரசு நேரடியாக வாங்குவதற்கு. 2009இல் வந்த விதியின் விசேஷம் என்னவென்றால், மத்திய அரசின் பணம் மாநிலத்துக்கும் நகராட்சிக்கும் போனபோது விதியும் கூடவே போனது. ஐரோப்பாவும் கனடாவும் கத்தியதால் செனட்டில் ஒரு வரி சேர்த்தார்கள்: நாங்கள் போட்டிருக்கிற சர்வதேச ஒப்பந்தங்களுக்கு உட்பட்டுத்தான் இதை அமல்படுத்துவோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாநிலங்களைப் பொறுத்தவரை கனடாவுக்குத்தான் ஒப்பந்தமே இல்லையே! பட்டியலில் மாகாணங்களை ஒளித்து வைத்ததன் வினை, அந்த ஒரு வரியில் திரும்பி வந்தது.

அதற்கப்புறம் நடந்தவற்றை 2009 மே மாதம் வாஷிங்டன் போஸ்ட் எழுதியிருக்கிறது. இண்டியானா மாநிலத்தில் பெரு என்று ஒரு சின்ன ஊர் (தென் அமெரிக்க நாடு இல்லை, ஊர் பேரே அதுதான்). டொராண்டோவுக்குப் பக்கத்தில் செய்த சாக்கடைப் பம்புகள் வேண்டாம் என்று அந்த ஊர் திருப்பிவிட்டது. கலிபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டன் ராணுவ முகாமில் இன்னும் மோசம். அங்கே நடந்துகொண்டிருந்த வேலையில் கனடாவில் செய்த குழாய் இணைப்புகளை ஒரு கடற்படை அதிகாரி பார்த்துவிட்டார். மண்ணுக்குள் புதைத்தவற்றைத் தோண்டி எடுத்துவிட்டு அமெரிக்கச் சரக்கைப் போட்டார்கள். உடைந்ததற்காகவோ ஒழுகியதற்காகவோ தோண்டவில்லை. செய்த ஊருக்காகத் தோண்டினார்கள்.

இந்த இடத்தை ஒரு ராத்திரி வீட்டில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். பம்ப் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் கணபதியில் இரண்டு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். ஒரு பம்ப் கம்பெனிக்கு இம்பெல்லரும் ஷாஃப்டும் கடைந்து கொடுப்பார். அந்தக் கம்பெனியும் ஒன்றும் பெரியது கிடையாது. ஆனால் டெண்டர் போடும். அதற்கு ஆர்டர் வந்தால் எங்கள் பட்டறையில் ராத்திரி ஒன்பது வரை லைட் எரியும், இல்லாவிட்டால் ஐந்து மணிக்கே ஷட்டர் இறங்கிவிடும். என் காலேஜ் ஃபீஸ் அந்த லைட்டைப் பொறுத்தது.

"ஏங்கண்ணு, அவன் ஊரு வரிப்பணம், அவன் ஊரு பம்ப வாங்கறான். இதுல என்ன தப்பு?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "அப்ப ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அந்த டெண்டர் போனப்ப மட்டும் ஏனுங்கப்பா அத்தனை திட்டுனீங்க?"

வீடே கப்சிப். அம்மா மட்டும், "சோத்தத் தின்னுட்டு ரெண்டு பேரும் சண்டை போடுங்க" என்றார்.

அந்த டெண்டர் கதை இதுதான். வேறொரு மாநிலத்தின் விவசாயப் பம்ப் டெண்டர். கம்பெனிதான் எல்-ஒன், அதாவது எல்லோரையும் விடக் குறைந்த விலை. ஆனால் அந்த மாநிலத்தில் ஒரு விதி இருந்தது. உள்ளூர்ச் சிறு தொழிற்சாலை கொஞ்சம் கூடுதலாக விலை போட்டிருந்தாலும், எல்-ஒன் விலைக்கு இறங்கி வரச் சம்மதித்தால் ஆர்டரில் பெரும்பங்கு அதற்கு. இறங்கி வந்தார்கள், ஆர்டர் போனது. எங்கள் பட்டறையில் ஏழு வருஷம் வேலை பார்த்த ஓர் அண்ணனை அப்பா அனுப்ப வேண்டி வந்தது. அனுப்பின அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. "நாடு ஒண்ணுங்கறான், பம்ப் மட்டும் வேற நாடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் இதைவிடப் பழைய கதை ஒன்றும் இருக்கிறது, அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. மத்திய அரசு நிறுவனங்கள் வருஷக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 2012இல் 20 ஆக இருந்ததை 2018இல் 25 ஆக்கினார்கள். எல்-ஒன்னை விட 15 சதவீதம் வரை கூடுதலாக விலை போட்ட சிறு நிறுவனமும் எல்-ஒன் விலைக்கு இறங்கி வந்தால் பங்கு கிடைக்கும். இந்த விதியை வைத்துத்தான் கம்பெனிக்கு முதல் பெரிய ஆர்டர் கிடைத்தது. இரண்டாவது லேத் அந்த வருஷம்தான் வாங்கினோம். அந்த ஆர்டரில் உண்மையான எல்-ஒன்னாக இருந்த யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

நான் இரண்டு ராத்திரி தூங்காதது இதனால்தான். என் செமினார் நோட்டில் 'காப்புக் கொள்கை தவறு, காரணங்கள் ஐந்து' என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். நான் அதை எழுதிய நோட்டு, அந்தக் கொள்கையால் வந்த காசில் வாங்கியது.

சரி, கனடாவுக்குப் போவோம். அங்கே யார் யார் என்ன செய்தார்கள் என்று படித்தால் எங்கள் வீட்டுச் சண்டையையே பெரிய சைஸில் பார்த்த மாதிரி இருந்தது.

முதலில் கோபப்பட்டது மத்திய அரசு இல்லை, சின்ன ஊர்கள். ஒண்டாரியோவில் ஹால்டன் ஹில்ஸ் என்று ஒரு ஊர். அதன் மேயர் ரிக் பானெட். எங்கள் கம்பெனியின் பம்பை வாங்க மாட்டேன் என்கிற நாட்டின் சரக்கை எங்கள் நகராட்சி ஏன் வாங்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது 2009 ஜூனில் விஸ்லரில் நடந்த கனடா நகராட்சிகள் கூட்டமைப்பின் மாநாட்டுக்குப் போனது. வாக்கெடுப்பு முடிவைப் பாருங்கள்: ஆதரவு 189, எதிர்ப்பு 175. வெறும் 14 ஓட்டு! அதிலும் உடனே அமலாகாது, 120 நாள் பொறுப்போம், அதற்குள் பிரதமர் ஹார்ப்பர் பேசி முடிக்கட்டும் என்று ஒரு வால். இந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. கனடா ஏற்றுமதியில் முக்கால் பங்கு போவது அமெரிக்காவுக்குத்தான். பெரிய வாடிக்கையாளரோடு சண்டை போடுவது எப்படிப்பட்ட சண்டை என்று ஜாப் ஒர்க் செய்கிற வீட்டில் பிறந்தவர்களைக் கேளுங்கள்.

இதே நேரத்தில் மற்றவர்களும் சும்மா இல்லை. அமெரிக்க விதியைக் கண்டித்துக்கொண்டிருந்த சீனா, அதே ஜூன் வாக்கில் தன் ஊக்கத் திட்டத்துக்கு உள்நாட்டுச் சரக்கையே வாங்கச் சொல்லி அறிவிப்பு விட்டது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2009 மே மாதம் பசுமை ஆற்றல் சட்டம் போட்டு, கூடுதல் விலைக்குச் சூரிய மின்சாரம் விற்க விரும்புகிறவர்கள் இத்தனை சதவீதம் ஒண்டாரியோவில் செய்த கருவிகளைப் போட வேண்டும் என்றது. பம்பைத் திருப்பி அனுப்பினார்கள் என்று அழுத அதே மாகாணம், அதே மாதம்! சிரிப்பு வந்தது. அப்புறம் இரண்டாவது லேத் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது யூனியன்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

1605ஆவது பிரிவுக்காக அமெரிக்காவில் மிகவும் பாடுபட்டது ஐக்கிய எஃகுத் தொழிலாளர் சங்கம். தலைமை அலுவலகம் பிட்ஸ்பர்க்கில். அப்போது அதன் தலைவர் லியோ ஜெரார்ட். அவர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? கனடாவின் சட்பரி. நிக்கல் உருக்காலையில் பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர். அந்தச் சங்கம் எல்லைக்கு இரண்டு பக்கமும் உறுப்பினர் வைத்திருக்கிற சங்கம். அமெரிக்க எஃகு மட்டும் வாங்கு என்று வாஷிங்டனில் கேட்டுக்கொண்டிருந்த சங்கத்துக்கு, ஹாமில்டனில் கனடா எஃகு உருக்குகிற தொழிலாளிகளும் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹாமில்டனில் அப்போது நிலைமை என்ன? ஸ்டெல்கோ என்ற பழைய கனடா எஃகுக் கம்பெனியை 2007இல் அமெரிக்காவின் யு.எஸ்.ஸ்டீல் வாங்கியிருந்தது. 2009 மார்ச்சில் ஹாமில்டன், லேக் ஈரி ஆலைகளில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 1,500 பேருக்கு வேலை போனது. இதற்கு 1605தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க எஃகு வியாபாரம் படுத்துக்கிடந்த காலம். ஆனால் வாங்கும்போது கொடுத்த வாக்கை மீறிவிட்டார்கள் என்று கனடா அரசு அந்தக் கம்பெனி மேல் 2009 ஜூலையில் வழக்குப் போட்டது. வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஹாமில்டன் தொழிலாளி, தன் சங்கத் தலைவர் டிவியில் 'அமெரிக்கப் பொருளை வாங்கு' என்று பேசுவதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கனடா சங்கங்கள் அமெரிக்கச் சங்கத்தின் மேல் பாய்ந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை! ஆட்டோ தொழிலாளர் சங்கத்தின் கென் லெவென்சா, கனடா தொழிலாளர் காங்கிரசின் கென் ஜார்ஜெட்டி, எஃகுச் சங்கத்தின் கனடா பிரிவு இயக்குநர் கென் நியூமன் (மூன்று பேருமே கென்! பரீட்சையில் வந்தால் ஏதாவது ஒரு கென் எழுதினால் பாதி மார்க்) சொன்னது ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவைக் குறை சொல்வதை விட்டுவிட்டு நாமும் கனடாப் பொருளை வாங்கச் சட்டம் போடுவோம் என்றார்கள். ஹார்ப்பர் அரசு கேட்டது நேர் எதிர். வேலி இருக்கட்டும், எங்களை மட்டும் வேலிக்கு உள்ளே விடு என்று கேட்டது.

இரண்டு கோரிக்கையும் பாருங்கள். வேலியே கூடாது என்று இருவருமே சொல்லவில்லை. அரசாங்கம் வேலியைத் தன்னைத் தாண்டித் தள்ளிப் போடச் சொன்னது, சங்கம் இன்னொரு வேலி போடலாம் என்றது. எங்கள் அப்பாவும் இதுவரை வேலியைத் திட்டியதில்லை. எந்தப் பக்கம் நிற்க நேர்ந்தது என்பதைத்தான் திட்டியிருக்கிறார்.

வேலியின் கோடு எவ்வளவு விசித்திரமாக விழும் என்பதற்கு அதே வாஷிங்டன் போஸ்ட் செய்தியில் ஓர் உதாரணம். பென்சில்வேனியாவில் ஃபேரல் என்ற ஊரில் ஓர் எஃகு ஆலை. 600 பேர். வெளிநாட்டிலிருந்து எஃகுப் பாளம் வாங்கி, இங்கே உருட்டிச் சுருளாக்கி விற்பது அதன் வேலை. பாளம் வெளிநாடு என்பதால் சுருளும் 'அமெரிக்கப் பொருள்' இல்லை என்றாகிவிட்டது. ஒரே ஒரு மைல் தள்ளி இருந்த குழாய்க் கம்பெனிதான் அவர்களுடைய மிகப்பெரிய வாடிக்கையாளர். அது ஆர்டரை ரத்து செய்தது. 80 சதவீதம் பேரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அமெரிக்க ஊர், அமெரிக்கத் தொழிலாளி, 'அமெரிக்கப் பொருளை வாங்கு' விதி, வேலை போச்சு. எங்கள் பட்டறைக்கும் காஸ்டிங் வெளியிலிருந்துதான் வருகிறது. நாங்கள் கடைகிறோம், அவ்வளவுதான். அது யாருடைய பொருள்?

சங்கங்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் நான் புத்தகத்தை ஒப்பிக்கிறேன் என்று ஆகும். வேலை உண்டாக்குவதற்காகக் கடன் வாங்கிச் செலவு செய்கிற பணம் துறைமுகம் வழியாக வெளியே ஒழுகிவிட்டால் எதற்கு அந்தச் செலவு என்று அவர்கள் கேட்டார்கள். நல்ல கேள்வி. பதிலுக்கு ஹஃப்பவர், ஷாட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சட்டம் வருவதற்கு முன்பே கணக்குப் போட்டார்கள். இந்த விதியால் எஃகுத் துறையில் கூடும் வேலைகள் சுமார் 1,000 என்றார்கள். எஃகு ஆலையில் ஆளை விட இயந்திரம்தான் அதிகம், தவிர அரசு வேலைகளுக்குப் பெரும்பாலும் உள்ளூர் எஃகுதான் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. மற்ற நாடுகள் பதிலடி கொடுத்தால் அதை விட அதிகம் இழக்க நேரும் என்பது அவர்கள் பயம். வகுப்பில் இந்த 1,000 என்ற எண்ணைச் சொன்னபோது எல்லோரும் 'இவ்வளவுதானா' என்றார்கள். நான் கொஞ்சம் தயங்கினேன். எங்கள் பட்டறையில் ஒரே ஒருவரை அனுப்பியதற்கே வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை.

கடைசியில் பேச்சுவார்த்தைதான் நடந்தது. 2010 பிப்ரவரி 5ஆம் தேதி இரு நாடுகளும் ஒப்பந்தத்தை அறிவித்தன. கனடா இத்தனை காலம் தராத மாகாணங்களைக் கொள்முதல் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது. அமெரிக்கா 37 மாநிலங்களைத் திறந்தது, ஊக்கத் திட்டத்தில் ஏழு திட்டங்களில் கனடா சரக்குக்கு விலக்குக் கொடுத்தது. சந்தோஷம்தானே? தேதியைப் பாருங்கள். குடிநீர், சாக்கடைத் திட்டங்களின் ஊக்க நிதிக்கு 2010 பிப்ரவரி 17க்குள் வேலை ஒப்பந்தம் போட்டு முடித்திருக்க வேண்டும் என்று கெடு. கனடாவுக்கு விலக்கு நடப்புக்கு வந்தது பிப்ரவரி 16. பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் வாங்க வாங்க என்று கூப்பிட்ட மாதிரி. அங்குள்ள பொதுத்துறை ஊழியர் சங்கமான கியூப்பி, தீர்ந்துபோன பணத்துக்காக மாகாணங்களின் உரிமையை நிரந்தரமாக விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று எதிர்த்தது. கெடுவையும் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர்கள் கணக்கில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த 37 மாநிலங்கள் அதற்கப்புறமும் திறந்துதான் இருந்தன, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒண்டாரியோவின் சூரிய மின்சாரம் என்ன ஆயிற்று என்றால், ஜப்பானும் ஐரோப்பாவும் வழக்குப் போட்டு 2013இல் ஒண்டாரியோ தோற்றது. அரசு வாங்குவது மின்சாரம், கட்டாயப்படுத்துவது கருவியை. ஆகவே அரசுக் கொள்முதல் என்ற சாக்கு செல்லாது என்பது தீர்ப்பு. இதே காரணத்துக்காக 2016இல் இந்தியாவும் தோற்றது! நம் தேசிய சூரிய மின் திட்டத்தில் உள்ளூர் சோலார் செல் போடச் சொன்னதை எதிர்த்து அமெரிக்கா தொடுத்த வழக்கு அது. அதே மாதம் இந்தியா, உங்கள் மாநிலங்கள் செய்வது மட்டும் என்ன என்று அமெரிக்கா மேல் வழக்குப் போட்டு 2019இல் முதல் கட்டத்தில் ஜெயித்தது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. அந்த மேல்முறையீட்டு அமைப்போ 2019 டிசம்பரில் போதிய உறுப்பினர் இல்லாமல் முடங்கிவிட்டது. தொங்கிக்கொண்டிருந்த வழக்கை 2023இல் இரு நாடுகளும் பேசி முடித்துக்கொண்டன.

2025இல் இந்தக் கதைக்கு இன்னொரு திருப்பம். ட்ரம்ப் கனடா மேல் வரி போட்டதும், மார்ச் 4ஆம் தேதி ஒண்டாரியோ அமெரிக்கக் கம்பெனிகளை மாகாணக் காண்ட்ராக்டுகளிலிருந்து தள்ளி வைத்தது. ஸ்டார்லிங்கோடு போட்டிருந்த 100 மில்லியன் கனடா டாலர் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. செப்டம்பரில் பிரதமர் கார்னி 'கனடாப் பொருளை வாங்கு' கொள்கையை அறிவித்தார். மூன்று கென்களும் 2009இல் கேட்டது பதினாறு வருஷம் கழித்து வந்தது. பிட்ஸ்பர்க்கில் இருக்கிற அதே எஃகுச் சங்கமோ, அப்போதைய தலைவர் டேவிட் மெக்கால் வழியாக, கனடா மேல் வரி போடுவது சரியில்லை என்று அறிக்கை விட்டது. வெளிநாட்டு எஃகின் மேல் வரி கேட்டே பழக்கப்பட்ட சங்கம் அது. இந்தத் தடவை இரண்டு பக்கத்து உறுப்பினர்களையும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் போல.

செமினாரில் 'காரணங்கள் ஐந்து' பக்கத்தை நான் படிக்கவில்லை. பெண்டில்டன் குழாயையும், ஃபேரல் ஆலையையும், எங்கள் இரண்டு லேத்தையும் சொன்னேன். சிறு நிறுவனத்துக்கு இத்தனை சதவீதம் என்று அளவு வைத்து, முன்கூட்டியே டெண்டரில் எழுதி, விலையில் எல்-ஒன்னுக்கு இறங்கி வரச் சொல்கிற முன்னுரிமையை என்னால் ஏற்க முடிகிறது, புதைத்த குழாயைத் தோண்டுவதை முடியவில்லை என்றேன். "அளவை யார் வைப்பது?" என்று மேடம் கேட்டார்கள். வைக்கிறவர் வேலிக்கு உள்ளே இருப்பவர்தான் என்றேன். பத்துக்கு ஏழு. தேயிலைக்காரிக்கு எட்டு :-(

அன்று சாயந்திரம் பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த டெண்டருக்காகக் கம்பெனி கேட்டிருக்கிறது: கடைந்து கொடுக்கிற பாகத்தில் எத்தனை சதவீதம் இந்தியச் சரக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மேக் இன் இந்தியா கொள்முதல் உத்தரவுப்படி 50 சதவீதம் இருந்தால் முதல் வகுப்பு. பாதி வரை நிரப்பிவிட்டு என்னிடம் நீட்டினார், சரிபார்க்கச் சொல்லி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

"அந்தக் கனடாக்காரன் குழாய், அது நல்லாத்தான கண்ணு இருந்துருக்கும்?"

"நல்லாத்தானுங்கப்பா இருந்துருக்கும்."

"ம்" என்றார். காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு லேத் சுவிட்சைத் தட்டினார்.